ஆள் வந்தால் எரியும் விளக்கு: பி.ஐ.ஆர். சென்சாரைப் பழகுவது எப்படி?

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் நின்று ‘ஐ.ஆர். சென்சார் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால், மூன்று பொருள்களில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். மூன்றும் அகச்சிவப்புக் கதிரை நம்பி வேலை செய்பவைதான். ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

முதலாவது, முன்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு சிறு எல்.இ.டி.க்கள் துருத்திக்கொண்டிருக்கும் நீளப் பலகை. ஒன்று கதிரை அனுப்பும். மற்றொன்று திரும்பி வருவதை வாங்கும். சில சென்டிமீட்டருக்குள் தடை ஏதும் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். தரையில் வரைந்த கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோவுக்கு இதுதான். இரண்டாவது, டி.வி. ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் மூன்று கால் கறுப்புத் துண்டு. பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் கதிருக்குத்தான் செவிசாய்க்கும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: சதுரமான சிறு பலகை, அதன்மேல் அரைக்கோள வடிவில் வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ். ‘பி.ஐ.ஆர். மோஷன் சென்சார்’ என்று கேளுங்கள். பி.ஐ.ஆர். என்றால் ‘பாசிவ் இன்ஃப்ராரெட்’: தானாகக் கதிரை அனுப்பாமல், வரும் கதிரை மட்டும் வாங்கி அசைவைக் கண்டுபிடிப்பது. மாடல் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது: எச்.சி.-எஸ்.ஆர்.501. சுமார் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டாக வாங்குங்கள். ஒன்று மக்கர் செய்யும்போது, பழுது சென்சாரிலா நம் இணைப்பிலா என்று மாற்றிப் பார்க்க இன்னொன்று கையில் இருக்கவேண்டும்.

இந்தச் சென்சாரில் இணைக்கவேண்டிய கம்பிகள் மூன்றே மூன்று. ஐந்து நிமிட வேலை. அதை ஒழுங்காக நடந்துகொள்ள வைப்பதுதான் பாடு. ‘ஆளே இல்லாமல் எரிகிறது’, ‘ஆள் நின்றும் எரியவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு நிரலைத் திருத்திப் பயனில்லை. சென்சாரை வைத்த இடத்திலும், அதற்குக் கொடுக்கும் மின்சாரத்திலும்தான் கோளாறு இருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் நிரலுக்குக் குறைவாகவும் இடத்துக்கு அதிகமாகவும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

குமிழுக்குள் நடப்பது

எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகின்றன. மனித உடலிலிருந்து வருவது 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சம் அடையும். ரிமோட்டிலிருந்து வரும் கதிரோ 0.94 மைக்ரோமீட்டர். இரண்டுக்கும் அகச்சிவப்பு என்றே பெயர் இருந்தாலும் இடையே பத்து மடங்கு தூரம். கைப்பேசிக் கேமராவை ரிமோட்டின் முன் பிடித்தால் பல கைப்பேசிகளில் அந்த ஒளி தெரியும், ஆனால் பி.ஐ.ஆர். பார்ப்பதை அந்தக் கேமராவால் பார்க்கமுடியாது.

குமிழை மெல்ல இழுத்துக் கழற்றினால் உள்ளே உலோகத் தொப்பி போட்ட சிறு உருளை ஒன்று தெரியும். அதன் தலையில் செவ்வகமாக ஒரு கறுப்புச் சன்னல். அதைத் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் கதிர் உள்ளே போவது குறையும். அந்தச் சன்னலுக்குப் பின்னால்தான் பைரோமின் பொருள் இருக்கிறது. சூடேறும்போதும் ஆறும்போதும் தன் பரப்பில் மின்னூட்டம் காட்டும் பொருள் அது. டூர்மலின் கல்லில் பழங்காலத்திலிருந்தே கவனிக்கப்பட்ட இந்தக் குணத்துக்கு 1824இல் பெயர் சூட்டியவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: வெப்பம் மாறிக்கொண்டிருக்கும்வரைதான் மின்னூட்டம் கிடைக்கும். மாற்றம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

உள்ளே இப்படி ஒன்றல்ல, இரண்டு துண்டுகள் பக்கம் பக்கமாக, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இணைக்கப்பட்டிருக்கின்றன. தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி. அறை முழுவதும் மெதுவாகச் சூடானால் இரண்டிலும் ஒரே அளவு ஏறும், முள் அசையாது. ஆள் ஒருவர் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு துண்டின் பார்வையில் படுவார், பிறகு மற்றதின் பார்வையில். முள் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாயும். அந்த ஆட்டத்தைத்தான் பலகையில் உள்ள பி.ஐ.எஸ்.எஸ்.0001 என்ற சில்லு பெருக்கி, ‘அசைவு உண்டு’ என்று அறிவிக்கிறது.

வெள்ளைக் குமிழ் வெறும் மூடி அல்ல. அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்லிய வளையங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபிரெனல் லென்ஸ். 1820களில் கலங்கரை விளக்குகளுக்காக அகுஸ்தென் ஃபிரெனல் உருவாக்கிய அதே உத்தி, இங்கே பாலிஎத்திலீனில் வார்க்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் அறையின் ஒரு துண்டுப் பகுதியைச் சென்சாரின் மேல் குவிக்கும். அந்தப் பகுதிகளுக்கு நடுவே குருட்டு இடைவெளிகளும் உண்டு. ஒளிர் பகுதியிலிருந்து குருட்டுப் பகுதிக்கும், அதிலிருந்து அடுத்த ஒளிர் பகுதிக்கும் ஆள் கடக்கும்போது தராசு ஆடும். சென்சாரை நோக்கி நேராக நடந்து வருகிறவர் நீண்ட நேரம் ஒரே பகுதிக்குள் இருந்துவிடக்கூடும். குறுக்கே போகிறவர் வரிசையாகப் பல பகுதிகளைக் கடப்பார். குறுக்கே போகிறவரை இது எளிதில் பிடிப்பதற்கும், நேரே வருகிறவரைத் தாமதமாகப் பிடிப்பதற்கும் காரணம் அதுதான்.

சின்னச் சோதனை ஒன்றைச் செய்துபார்க்கலாம் (அடுத்த பகுதியில் உள்ளபடி இணைத்த பிறகு). சென்சாருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகட்டை அசையாமல் நிறுத்தி, அதன் பின்னால் கையை ஆட்டுங்கள். கை நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது. சென்சார் சும்மா இருக்கும். கண்ணாடியை எடுத்துவிட்டு மெல்லிய பாலித்தீன் உறையை நீட்டிப் பிடித்து அதே கையை ஆட்டுங்கள்; உடனே பிடித்துவிடும். 10 மைக்ரோமீட்டர் கதிருக்குக் கண்ணாடி ஒரு சுவர். பாலித்தீன் திறந்த வாசல். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் சென்சாரை ஒட்டிவைத்து வாசலில் வருகிறவரைப் பிடிக்க நினைப்பவர்கள் இதைச் செய்து பார்த்துவிட்டால் ஒரு மாலைப் பொழுது மிஞ்சும்.

முதல் படி: ஆர்டுயினோவை ஓரமாக வையுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சென்சாரைப் பிரித்த கையோடு ஆர்டுயினோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சிறு பலகையில் செருகி, நிரலை ஏற்றி, எதுவும் சரியாக நடக்காமல் திகைப்பார்கள். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அப்போது நான்கு இடங்கள் இருக்கும். அதைவிட, ஒரு மல்டிமீட்டரோடு தொடங்குவது மேல்.

பலகையின் விளிம்பில் மூன்று பின்கள் இருக்கின்றன: மின்சாரம் (VCC), வெளியீடு (OUT), தரை (GND). நடுவில் இருப்பது வெளியீடு. ஓரத்தில் இருக்கும் இரண்டில் எது எது என்பதன் பெயர் பெரும்பாலும் குமிழுக்கு அடியில் அச்சிடப்பட்டிருக்கும். குமிழைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். இணையத்தில் பார்த்த படத்தை நம்பி இணைக்கவேண்டாம். ஒரே மாடல் எண்ணில் பல தயாரிப்பாளர்கள் பலகை செய்கிறார்கள்; வரிசை மாறி வருவதும் உண்டு.

பழைய கைப்பேசி சார்ஜர் ஒன்றின் யு.எஸ்.பி. வயரை வெட்டினால் சிவப்பும் கறுப்புமாக 5 வோல்ட் கிடைக்கும். வயர்களின் நிறத்தையும் நம்பாமல் மல்டிமீட்டரில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். சிவப்பு மின்சாரப் பின்னுக்கு, கறுப்பு தரைக்கு. இந்தச் சென்சார் 5 முதல் 20 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும்; உள்ளே இருக்கும் மின்னழுத்தச் சீராக்கி அதை 3.3 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்கிறது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைத் தரையிலும் சிவப்பு முனையை வெளியீட்டிலும் வையுங்கள்.

இப்போது சென்சாரை மேசையில் விட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். மின்சாரம் வந்ததும் அது சுற்றுப்புறத்தின் வெப்பத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும்; அந்த 30 முதல் 60 வினாடிகளில் காரணமில்லாமல் ஓரிருமுறை 3.3 வோல்ட் காட்டி இறங்கும். அதைப் பார்த்து ‘கெட்டுப்போன சென்சார்’ என்று முடிவுகட்டித் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ஒரு நிமிடத்துக்குப் பிறகு மீட்டர் பூஜ்ஜியத்தில் நிற்கவேண்டும். கையை ஆட்டினால் 3.3க்குத் தாவவேண்டும். சில வினாடி அங்கேயே நின்று பூஜ்ஜியத்துக்குத் திரும்பவேண்டும். இந்த மூன்றும் நடந்தால் சென்சார் நல்லது. இனி வரும் எந்தத் தொல்லைக்கும் அதைக் குற்றம் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு திருகுகளும் ஒரு ஜம்பரும்

பலகையின் பின்புறம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று எவ்வளவு தூரம் பார்ப்பது என்பதை ஏறத்தாழ 3 முதல் 7 மீட்டர் வரை மாற்றும். மற்றொன்று, ஒருமுறை அசைவைக் கண்டால் வெளியீடு எவ்வளவு நேரம் 3.3 வோல்ட்டில் நிற்கும் என்பதை மாற்றும். சில வினாடிகளிலிருந்து ஐந்து நிமிடம் வரை போகும். எது எது என்ற குறி இல்லாவிட்டால் ஒன்றை மட்டும் கொஞ்சம் திருகி, மீட்டரில் 3.3 நிற்கும் நேரம் மாறுகிறதா என்று கவனித்தால் புரிந்துவிடும். சிறிய திருப்புளியால் மெல்லத் திருப்புங்கள். முனைக்கு வந்தபின்னும் அழுத்தித் திருகினால் உடைந்துவிடும். பழகும் காலத்தில் நேரத்தை மிகக் குறைவாகவும் தூரத்தை நடுவிலும் வைத்துக்கொள்வது நல்லது. நேரத் திருகு ஐந்து நிமிடத்தில் நின்றிருப்பதை அறியாமல், ‘ஒருமுறை எரிந்த விளக்கு அணையவே இல்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வது எல்லாருக்கும் நேர்வது.

மூலையில் உள்ள ஜம்பருக்கு (பக்கத்துப் பக்கத்துப் பின்களை இணைக்கும் சிறு மூடி) எச் (H), எல் (L) என்று இரண்டு இருக்கைகள். ‘எச்’ இருக்கையில் வைத்தால், ஆள் அசைந்துகொண்டிருக்கும்வரை நேரம் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படும். வெளியீடு விடாமல் 3.3இல் நிற்கும். எல்லில் வைத்தால், ஆள் அசைந்தாலும் அசையாவிட்டாலும் குறித்த நேரத்தில் பூஜ்ஜியத்துக்கு இறங்கும். பிறகுதான் மறுபடி கவனிக்கும். விளக்குக்கு எச், எண்ணிக்கைக்கும் அலாரத்துக்கும் எல் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த இருக்கையில் இருந்தாலும், வெளியீடு இறங்கியபின் ஏறத்தாழ இரண்டரை வினாடி இது எதையும் பார்க்காது. வாசலில் அடுத்தடுத்து நுழையும் நான்கு பேரை நான்காக எண்ண இதைப் பயன்படுத்தமுடியாது என்பது இதிலிருந்தே தெரியும்.

ஆர்டுயினோவுடன்

இப்போது ஆர்டுயினோ ஊனோவை எடுக்கலாம். சென்சாரின் மின்சாரப் பின் 5 வோல்ட்டுக்கு, தரை தரைக்கு, வெளியீடு 2ஆம் பின்னுக்கு. வேறு மின்தடையோ பிற பாகமோ தேவையில்லை. ஊனோ 5 வோல்ட்டில் ஓடுவது. சென்சார் தருவது 3.3. ஊனோவின் சில்லு 3 வோல்ட்டுக்கு மேல் இருப்பதை ‘உயர்நிலை’ என்று ஏற்றுக்கொள்வதால் மயிரிழையில் சரியாகிவிடுகிறது. ஆனால் அந்த வெளியீட்டுக் கம்பியிலேயே எல்.இ.டி.யையும் தொங்கவிட்டால் வோல்ட் இறங்கி, ஊனோ குழம்பும். எல்.இ.டி.க்கு ஊனோவின் 13ஆம் பின் இருக்கிறது. பலகையிலேயே ஒன்று பொருத்தப்பட்டும் இருக்கிறது.

நிரலின் போக்கு இது. தொடக்கப் பகுதியில் 2ஆம் பின்னை உள்ளீடாகவும் 13ஆம் பின்னை வெளியீடாகவும் அறிவியுங்கள். ஆர்டுயினோ அனுப்பும் செய்தியைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரை 9600 வேகத்தில் திறந்துவிட்டு, 60 வினாடி காத்திருங்கள். அந்தக் காத்திருப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அலாரம் செய்தால் மின்சாரம் வந்த மறுநொடியே அது ஊரைக் கூட்டும். சுழல் பகுதியில் 2ஆம் பின்னைப் படித்து, முன்பு படித்த நிலையோடு ஒப்பிடுங்கள். மாறவில்லையென்றால் எதுவும் செய்யவேண்டாம். தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு மாறியிருந்தால் ‘அசைவு’ என்று அச்சிட்டு எல்.இ.டி.யை எரியவிடுங்கள், மறுதிசையில் மாறியிருந்தால் ‘அமைதி’ என்று அச்சிட்டு அணையுங்கள். பின்னர் இப்போதைய நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்தை மட்டும் அச்சிடாமல் நிலையையே அச்சிட்டால் திரையில் நொடிக்கு நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். பார்க்கவேண்டியது அதில் புதைந்துபோகும்.

விளக்கு எவ்வளவு நேரம் எரியவேண்டும் என்பதைத் திருகில் வைக்காமல் நிரலில் வைப்பது என் பழக்கம். திருகை மிகக் குறைந்த நேரத்தில் நிறுத்திவிட்டு, ஜம்பரை ‘எச்’ இருக்கையில் வைத்து, ‘கடைசியாக அசைவு கண்ட நேரம்’ என்ற ஒரு மாறியை நிரலில் வைத்துக்கொள்ளவேண்டும். வெளியீடு உயர்நிலையில் இருக்கும்போதெல்லாம் ஆர்டுயினோவுக்குள் மில்லிவினாடிகளை எண்ணும் மில்லிஸ் கடிகாரத்தின் இப்போதைய எண்ணை அதில் எழுதவேண்டும். இப்போதைய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அணைக்கவேண்டும். இரண்டு நிமிடத்தை மூன்றாக்க மாடிப்படியில் ஏணி போட்டு ஏறித் திருப்புளியைப் பிடிக்கவேண்டியதில்லை. நிரலைக் காத்திருக்கச் சொல்லும் டிலே கட்டளையை இதற்குப் பயன்படுத்தவேண்டாம். அந்த இரண்டு நிமிடமும் ஆர்டுயினோ வேறு எதையும் பார்க்காமல் உறங்கும்.

ஆர்டுயினோவுக்குப் பதிலாக ஈ.எஸ்.பி.8266, ஈ.எஸ்.பி.32 என்ற வைஃபை உள்ள பலகைகளை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சென்சாருக்கான மின்சாரத்தைப் பலகையின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காதீர்கள். சென்சாரின் சீராக்கிக்கு அது போதாது, சென்சார் மனம்போனபடி நடந்துகொள்ளும். யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் வரும் பின்னிலிருந்து எடுங்கள். வெளியீடு 3.3 என்பதால் அதை நேரடியாக இணைக்கலாம். இரண்டாவது, வைஃபை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் சென்சாரை வைக்காதீர்கள். பலகையின் பெருக்கி மிக மெல்லிய சமிக்ஞையைப் பெருக்குவது. வைஃபை ஒவ்வொருமுறை பேசும்போதும் அதுவும் ஆடும். ஒரே பெட்டிக்குள் இரண்டையும் நெருக்கிவைத்துவிட்டுப் பேய் பிடித்த விளக்கு என்று பெயர் வைக்கிறார்கள். ஒரு சாண் கம்பியில் தள்ளி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஆர்டுயினோவே இல்லாத விளக்கு

மாடிப்படிக்கோ அலமாரிக்கோ ஒரு விளக்கு மட்டும் வேண்டுமென்றால் ஆர்டுயினோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர் வீண். 12 வோல்ட் அடாப்டர், ஒரு மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப், சென்சார், ஐ.ஆர்.எல்.இசட்.44என் என்ற மாஸ்ஃபெட் (சிறு மின்னழுத்தத்தால் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்), 100 கிலோஓம் மின்தடை ஒன்று. இவ்வளவுதான்.

சென்சார் 12 வோல்ட்டை நேரடியாக வாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரிப்பின் நேர்முனையும் 12 வோல்ட்டுக்கே. மாஸ்ஃபெட்டின் எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாகக் கேட், டிரெயின், சோர்ஸ். ஸ்ட்ரிப்பின் எதிர்முனை நடுக்காலுக்கு, வலக்கால் தரைக்கு, சென்சாரின் வெளியீடு இடக்காலுக்கு. 100 கிலோஓம் மின்தடையை இடக்காலுக்கும் வலக்காலுக்கும் குறுக்கே போடுங்கள். வெளியீட்டுக் கம்பி கழன்றுவிட்டாலும் விளக்கு அரைகுறையாக எரியாமல் அணைந்தே இருக்கும்.

கடையில் ஐ.ஆர்.எல். இல்லை, ஐ.ஆர்.எஃப். இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னால் ஏற்கவேண்டாம். ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் முழுமையாகத் திறக்க 10 வோல்ட் கேட்கும். 3.3 வோல்ட்டில் விளக்கு மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது. அரைகுறையாகத் திறந்த மாஸ்ஃபெட் சூடாகும். நடுவிலுள்ள அந்த ஒற்றை எழுத்தைச் சரிபார்த்து வாங்குங்கள்.

இருட்டில் மட்டும் எரியவேண்டுமா? பலகையில் குமிழுக்குப் பக்கத்தில் இரண்டு வெற்றுத் துளைகள் ஒளி உணர்மின்தடைக்காக (எல்.டி.ஆர்.) விடப்பட்டிருக்கின்றன. ஆர்.எல். என்று குறித்திருக்கும். எல்.டி.ஆர். ஒன்றை அங்கே சால்டர் செய்தால் பகல் வெளிச்சத்தில் சென்சார் வாய் திறக்காது. ஒரு சிக்கல் மட்டும்: உங்கள் விளக்கின் வெளிச்சமே எல்.டி.ஆர்.மேல் விழுந்தால், விளக்கு எரிந்ததும் ‘விடிந்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்ளும். ஆள் அசைந்துகொண்டிருந்தாலும் நேரம் நீளாது, பாதிப் படியில் அணையும். எல்.டி.ஆர்.ஐ விளக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரு சிறு கறுப்புக் குழாயைச் சுற்றிவிடுங்கள்.

பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தச் சென்சார் சும்மா காத்திருக்கும்போது 65 மைக்ரோஆம்பியருக்கும் குறைவாகவே குடிக்கிறது. ஆர்டுயினோ ஊனோவோ ஒன்றுமே செய்யாதபோதும் ஏறத்தாழ 50 மில்லிஆம்பியர். ஒரு 9 வோல்ட் பேட்டரி சென்சாரை மாதக்கணக்கில் காப்பாற்றும். ஊனோவை ஒரு நாள்கூடக் காப்பாற்றாது.

230 வோல்ட் பல்பை ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக எரியவைத்து அணைக்கலாம்தான். புதியவர்கள் அதில் இறங்கவேண்டாம் என்பேன். பிரெட்போர்டும் (சால்டர் செய்யாமல் கம்பிகளைச் செருகிப் பழகும் பலகை) வீட்டு மின்சாரமும் ஒரே மேசையில் இருக்கக்கூடாது. பி.ஐ.ஆர். உள்ளமைந்த பல்பு ஹோல்டர்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. வீட்டு விளக்குக்கு அதை மாட்டிவிட்டு, பழகுவதைப் 12 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரிலேயைத் தாழ் மின்னழுத்தத்தில் பயன்படுத்துகிறவர்களும் ஒன்றைப் பார்க்கவேண்டும்: சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ரிலே பலகைகள் பல, உள்ளீடு தாழ்ந்தால் இயங்குபவை. அவற்றில் ஆள் இல்லாதபோது விளக்கு எரிந்து, ஆள் வந்ததும் அணையும்.

எங்கே வைப்பது

இதைத்தான் நிதானமாகச் செய்யவேண்டும். நடமாட்டம் சென்சாருக்குக் குறுக்கே போகும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நீளமான நடையின் கடைசிச் சுவரில் வைத்தால் வருகிறவர் நேரே வருவார், தாமதமாகவே பிடிக்கும். நடையின் பக்கச் சுவரில் வைத்தால் கடக்கும்போதே பிடிக்கும். மாடிப்படியில், ஏறுகிறவருக்கு எதிரே வைக்காமல் படியின் பக்கவாட்டில், முதல் படியைக் கடக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். உயரம் 2 மீட்டரை ஒட்டி இருந்து, கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தால் நன்று. பார்வை ஏறத்தாழ 110 பாகை அகலம். அறையின் மூலையில் வைத்தால் முழு அறையையும் தழுவும்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. இந்தச் சென்சார் பார்ப்பது உங்கள் வெப்பத்தை அல்ல. உங்களுக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தை. தோலின் மேற்பரப்பு 33, 34 பாகையில் இருக்கும். மார்கழியில் 24 பாகைச் சுவருக்கு முன்னால் ஆள் பளிச்சென்று தெரிவார். மே மாதம் வேலூரில் 40 பாகை வெயில் காய்ந்த நாளின் மாலையில், சுவர் ஆறிக்கொண்டு 34க்கு வரும் நேரம் ஒன்று இருக்கும். அப்போது ஆளும் சுவரும் சென்சாருக்கு ஒன்றே. 7 மீட்டரில் பிடித்தது 2 மீட்டரில்தான் பிடிக்கும். அதே சுவர் மதியம் 42இல் இருந்தபோது ஆள் சுவரைவிடக் குளிர்ந்தவராகத் தெரிந்திருப்பார். அந்த வித்தியாசமும் சென்சாருக்குப் போதும். ஆகவே ‘மத்தியானம் வேலை செய்கிறது, சாயங்காலம் செய்யவில்லை’ என்றால் நிரலைக் கிளறவேண்டாம். மேற்குச் சுவரைப் பின்னணியாகக் கொள்ளாத இடத்துக்கு மாற்றுங்கள். அல்லது ஆள் ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் கடக்கும்படி நெருக்கமாக வையுங்கள். குளிர்காலத்தில் வைத்துச் சரிபார்த்த அலாரத்தைச் சித்திரையில் ஒருமுறை மறுபடி நடந்து பார்த்துவிடுவது அவசியம்.

நடந்து பார்ப்பது என்பது இப்படி: சென்சாரைச் சுவரில் தற்காலிகமாக நாடாவால் ஒட்டி, வெளியீட்டைக் காட்டும் எல்.இ.டி. தெரியும்படி வைத்துவிட்டு, அறையின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் சாதாரண வேகத்தில் நடக்கவேண்டும். எங்கே எரிகிறது என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நடைக்கும் இடையே வெளியீடு இறங்கி, அந்த இரண்டரை வினாடியும் கழியும்வரை அசையாமல் நிற்கவேண்டும். கால் மணி நேரத்தில் தரையிலேயே சென்சாரின் வரைபடம் கிடைத்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் ஆணி அடிக்கவேண்டும்.

பார்க்கவேண்டாத பக்கம் ஒன்று இருந்தால் குமிழின் அந்தப் பகுதியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். வீட்டில் பூனை உண்டென்றால், தரையைப் பார்க்கும் கட்டங்களை மறைத்துவிடலாம். ஒரு கதவை மட்டும் பார்க்கவேண்டுமானால், இரண்டு அங்குல பி.வி.சி. பைப் துண்டை முன்னால் வைத்தால் பார்வை குறுகிவிடும்.

தானாகவே எரிகிறது என்றால்

முதலில் வெளியே உள்ள காரணங்களைப் பாருங்கள். வெயில் விழும் திரைச்சீலை காற்றில் ஆடுகிறதா? ஏ.சி.யின் காற்று சென்சாரின்மேல் நேரே அடிக்கிறதா? அடுப்போ, இன்வெர்ட்டரின் வெப்பம் வெளியேறும் பக்கமோ எதிரே இருக்கிறதா? இரவு விளக்கைத் தேடி வரும் பூச்சியும், பூச்சியைத் தேடி வரும் பல்லியும் குமிழின்மேலேயே ஏறி நடப்பது இங்கே அன்றாடம். லென்ஸுக்கு அவ்வளவு அருகில் ஒரு பல்லி, 5 மீட்டரில் நிற்கும் ஆளைவிடப் பெரிய மாற்றம். சென்சாரை விளக்குக்கு மிக நெருக்கமாக வைக்காமல் தள்ளிவைத்தாலே இது குறையும்.

வெளிக் காரணம் எதுவும் இல்லையென்று உறுதி செய்ய எளிய வழி: குமிழ்மேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மூடிய பிறகும் தூண்டப்பட்டால் தொல்லை உள்ளே, மின்சாரத்தில் இருக்கிறது. விளக்கு அணைந்த சில வினாடிக்குள் திரும்பத் திரும்ப எரிவது இதன் தெளிவான அடையாளம். விளக்கோ ரிலேயோ அணையும்போது அடாப்டரின் வோல்ட் ஒரு கணம் குதிக்கும். அந்தக் குதிப்பைச் சென்சாரின் பெருக்கி அசைவென்று எடுத்துக்கொள்ளும். மறுபடி விளக்கு எரியும். மறுபடி அணையும்போது மறுபடி குதிக்கும். சென்சாரின் மின்சாரப் பின்னுக்கும் தரைக்கும் குறுக்கே, பலகைக்கு ஒட்டியே, 220 அல்லது 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போடுங்கள். நேர்முனை, எதிர்முனை மாறாமல், 12 வோல்ட் என்றால் 25 வோல்ட் தாங்குவதாக. அதற்கும் அடங்காவிட்டால் சென்சாருக்குத் தனி அடாப்டர் கொடுத்துத் தரைகளை மட்டும் இணைத்துப் பாருங்கள். அப்போது நின்றால் பழைய அடாப்டர்தான் குற்றவாளி. மலிவான அடாப்டர்களில் இது சகஜம்.

அலாரம் செய்கிறவர்கள் ஒற்றை அசைவை நம்பவேண்டாம். ஜம்பரை எல்லில் வைத்து, நேரத்தைக் குறைத்து, 20 வினாடிக்குள் இரண்டு தனித்தனித் துடிப்புகள் வந்தால் மட்டும் மணி அடிக்கும்படி நிரலை எழுதுங்கள். உள்ளே வந்த மனிதர் 20 வினாடியும் சிலையாக நிற்கமாட்டார். தறிகெட்ட ஒற்றைத் துடிப்போ தனியாக வந்து தனியாகப் போய்விடும்.

இதனால் ஆகாதவை

நாற்காலியில் அசையாமல் படித்துக்கொண்டிருப்பவரை இந்தச் சென்சார் மறந்துவிடும். படிப்பறைக்கும் கழிப்பறைக்கும் இதை நம்பி விளக்குப் போட்டால், இருட்டில் கையை ஆட்டிக்கொண்டு உட்காரவேண்டியதுதான். அங்கே 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் பலகைகள் தேவை, எல்.டி.2410 போன்றவை மூச்சுவிடும் நெஞ்சின் அசைவையும் பிடிக்கக்கூடியவை. அதைவிட மலிவான ஆர்.சி.டபிள்யூ.எல்.-0516 என்ற மைக்ரோவேவ் பலகையும் உண்டு. வெயிலும் சுவரின் சூடும் அதைப் பாதிக்காது. ஆனால் அது மெல்லிய சுவருக்கு அப்பாலும் பார்க்கும். பக்கத்து அறையில் யாராவது நடந்தாலும் உங்கள் விளக்கு எரியும். சிறிய பெட்டிக்குள் அடங்கவேண்டும், தூரமும் அதிகம் வேண்டாம் என்றால் ஏ.எம்.312 என்ற குட்டி பி.ஐ.ஆர். இருக்கிறது, திருகுகள் கிடையாது, நேரம் 2 வினாடியென்று நிலையானது, 2.7 வோல்ட்டிலிருந்தே இயங்கும் என்பதால் ஈ.எஸ்.பி.32இன் 3.3 வோல்ட்டுக்கு நேரடியாகப் பொருந்தும்.

கோடையிலும் தவறாத அலாரம் வேண்டுமென்றால் பி.ஐ.ஆர்., மைக்ரோவேவ் இரண்டையும் ஒரே ஆர்டுயினோவில் இணைத்து, எது தூண்டினாலும் விளக்கு எரியட்டும், இரண்டும் சேர்ந்து தூண்டினால் மட்டும் மணி அடிக்கட்டும் என்று பிரித்துவிடலாம். சுவரும் ஆளும் ஒரே சூட்டில் இருக்கும் அந்த மாலை நேரத்துக்கு மட்டும் மைக்ரோவேவை மட்டும் நம்பும்படி, ஒரு டி.எச்.டி.22 வெப்பமானியைக் கூடச் சேர்த்து, 33 பாகையைத் தாண்டினால் விதி மாறட்டும் என்று நிரலில் ஒரு வரி எழுதினால் போதும்.